ஓவர்கிளாக் செய்த கணினி எப்போது விழுகிறது? அறிகுறியை வைத்துப் பிழை பிடிப்பது

ஓவர்கிளாக் செய்த பிறகு, அதாவது பிராசஸரையோ ரேமையோ இயல்பைவிட வேகமாக ஓடவைத்த பிறகு, கணினி தகராறு செய்தால், பலரும் முதலில் நீலத் திரையில் வந்த வாசகத்தைத்தான் இணையத்தில் தேடுவார்கள். பெரும்பாலும் அதில் விடை கிடைக்காது. 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வரும் பிழைக்கு ரேமும் காரணமாக இருக்கலாம், கோருக்குப் போகும் வோல்டேஜ் பற்றாததும் காரணமாக இருக்கலாம். நம்பகமான துப்பு விழுந்த நேரத்தில்தான் இருக்கிறது. ஆன் செய்ததுமா, கேம் நடுவிலா, யாரும் தொடாமல் சும்மா இருந்தபோதா, இரவு முழுக்க அணைத்துவிட்டுக் காலையில் போட்டபோதா? இதைக் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

எடுத்துக்காட்டுக்கு நம்மிடையே பரவலாக இருக்கும் ஒரு கூட்டணியை வைத்துக்கொள்கிறேன்: ரைசன் 5 5600எக்ஸ், பி550 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4-3200 ரேம் இரண்டு. வேறு செட் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும். மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

இந்தக் கணினியில் நாம் ஏற்றக்கூடிய வேகங்கள் மூன்று. ஒன்று கோர்களின் வேகம். 5600எக்ஸ் தானாகவே 3.7-இலிருந்து 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறி இறங்கும். இரண்டாவது ரேமின் வேகம். மூன்றாவதைத்தான் புதிதாக வருபவர்கள் கவனிப்பதில்லை: இன்ஃபினிட்டி ஃபேப்ரிக். கோர்கள் இருக்கும் சில்லையும் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் சில்லையும் இணைக்கும் பாதை அது. ரேம் 3200-இல் ஓடினால் அதன் உண்மையான க்ளாக் 1600 மெகாஹெர்ட்ஸ், ஃபேப்ரிக்கும் 1600-இல் ஓடும். ரேமை 3600 ஆக்கினால் ஃபேப்ரிக்கும் 1800-க்குப் போக வேண்டும். ஆக, ரேமை மட்டும்தான் தொட்டேன் என்று நீங்கள் நினைத்தாலும் இரண்டைத் தொட்டிருக்கிறீர்கள்.

தேடத் தொடங்கும் முன் ஒரு சோதனை. பயாஸில் (ஆன் செய்ததும் திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுபோய், அதே பிரச்சினை அப்போதும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கோளாறு ஓவர்கிளாக்கில் இல்லை. ரேம், எஸ்எம்பிஎஸ், டிரைவர், எஸ்எஸ்டி என்று வேறு பக்கம் போக வேண்டும். வரவில்லையென்றால் மட்டும் மேலே படியுங்கள். அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பிபிஓவையும் (பிராசஸர் தானாக இன்னும் ஏற வரம்புகளைத் திறந்துவிடும் ஏஎம்டி அமைப்பு) ரேம் டைமிங்கையும் (ரேமின் தாமத எண்கள்) ஒரே நாளில் மாற்றிவிட்டால், எது விழவைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

திரையே வரவில்லை, விசிறி மட்டும் சுற்றுகிறது

முதல் வேலை, காத்திருப்பது. ரேம் அமைப்பை மாற்றிய பிறகு மதர்போர்டு அதற்குப் பழகிக்கொள்ளப் பார்க்கும். இதை மெமரி டிரெய்னிங் என்பார்கள். டிடிஆர்4 போர்டுகள் தாமாகவே அணைந்து, திரும்ப ஆன் ஆகி, இரண்டு மூன்று முறை முயன்று பார்க்கும். டிடிஆர்5 என்றால் முதல் முறை பல நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்பதும் இயல்புதான். அந்த நேரத்தில் பதறிப்போய் சுவிட்சை அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பத்து நிமிடம் ஆகியும் ஒன்றும் இல்லையென்றால் போர்டின் ஓரத்தைப் பாருங்கள். பல போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். டிராம் விளக்கு அணையாமல் நின்றால் ரேம் அமைப்பைப் போர்டால் ஏற்க முடியவில்லை என்று பொருள். சீமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் நினைவகம்) அழிக்க வேண்டியதுதான். எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பிறகு போர்டு கையேட்டில் காட்டியிருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் பத்து நொடி இணைத்துப் பிடியுங்கள். பின்கள் அகப்படவில்லையா? வட்டமான பட்டன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் வெளியே வைத்தாலும் போதும். சில போர்டுகளில் அது கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கார்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

திரை வந்த பிறகு ரேம் எந்தத் துளையில் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு துளை உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் என்றால், சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தால் ஓவர்கிளாக் ஒருபுறம் இருக்கட்டும், இரட்டைச் சேனலே கிடைக்காது.

இன்னொரு பொதுவான காரணம் கலப்பு ரேம். முதலில் 8 ஜிபி ஒன்று வாங்கி, ஓராண்டு கழித்து 'அதே மாடல்' இன்னொன்று வாங்கிச் சேர்ப்பது நம் வழக்கம். லேபிள் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறு நிறுவனத்துடையதாக இருக்கலாம். எக்ஸ்எம்பி சுயவிவரம், அதாவது ரேமிலேயே எழுதி வைத்திருக்கும் வேக அமைப்பு, ஒரு பெட்டியில் சேர்ந்து வந்த ஸ்டிக்குகளைச் சோதித்து எழுதப்பட்டது, தனித்தனியாக வாங்கிச் சேர்த்த ஜோடிக்கு அந்த வாக்குறுதி கிடையாது. நான்கு ஸ்டிக் போட்டவர்கள் இன்னும் கொஞ்சம் இறங்கி வர வேண்டும்: இரண்டு ஸ்டிக்குக்கு 3200 என்று சொல்லும் அதே பிராசஸருக்கு, நான்கு போட்டால் அதிகாரபூர்வ வேகமே 2933, இரட்டை ரேங்க் ஸ்டிக் (ஒரே ஸ்டிக்கில் இரண்டு தொகுதி சிப் உள்ளது) என்றால் 2667 என்று இறங்கிவிடும்.

ஆன் ஆகிறது, ஆனால் வேகம் ஏறவில்லை

முதலில் எண்ணைச் சரியாகப் படிக்கிறீர்களா என்று பாருங்கள். சிபியு-இசட் 1600 என்று காட்டினால் ரேம் 3200-இல்தான் ஓடுகிறது. அது காட்டுவது உண்மையான க்ளாக், ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு முறை தரவு போகும். டாஸ்க் மேனேஜர் 3200 என்றே காட்டும்.

டாஸ்க் மேனேஜரிலேயே 2133 அல்லது 2400 என்று இருந்தால் எக்ஸ்எம்பி போடப்படவில்லை, அல்லது போட்டது தோற்றுப்போய் போர்டு தானாகப் பாதுகாப்பு நிலைக்கு இறங்கிவிட்டது. வாங்கிய நாள் முதல் இப்படியே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். சொல்லப்போனால், இந்தக் கட்டுரையில் பேசப்படும் எல்லா வித்தைகளையும்விட, 2133-இல் கிடக்கும் ரேமை அது விற்கப்பட்ட 3200-க்குக் கொண்டுவருவதில்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

காலையில் முதல் முறை மட்டும் தகராறு

ரீஸ்டார்ட் செய்தால் நன்றாக வருகிறது, நாள் முழுக்க ஓடுகிறது, சோதனையெல்லாம் தேறுகிறது. இரவு அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் மட்டும் இரண்டு முறை தடுமாறி, 'அமைப்புகள் மீட்டமைக்கப்பட்டன' என்கிறது. இது டிரெய்னிங் பிரச்சினை. ரேம் ஓடுவதில் கோளாறு இல்லை, தொடக்கத்தில் போர்டு அதற்குச் சரியான சமிக்ஞை மதிப்புகளைக் கண்டுபிடிக்கத் தடுமாறுகிறது. ஒவ்வொரு முறையும் சற்று மாறுபட்ட முடிவுக்கு வரும், அதில் சில முடிவுகள் விளிம்பில் இருக்கும்.

முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். இந்த வகைக் கோளாறுகள் பல அதிலேயே தீரும். (மின்வெட்டு இல்லாத நேரமாகப் பார்த்து, முடிந்தால் யுபிஎஸ் இணைத்துச் செய்யுங்கள்.) பிறகு எஸ்ஓசி வோல்டேஜை, அதாவது மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் வோல்டேஜை, பாருங்கள். ஆட்டோவில் விட்டிருந்தால் 1.1 வோல்ட் என்று நீங்களே நிலையாக வையுங்கள். 5600எக்ஸுக்கு 1.2-ஐத் தாண்ட வேண்டிய அவசியம் இல்லை. ரேம் வோல்டேஜ் 1.35 என்றால் 1.37 வரை ஏற்றிப் பார்க்கலாம். அதற்கும் மசியவில்லையா? வேகத்தை 3600-இலிருந்து 3466-க்கு இறக்கிவிடுங்கள். தினமும் காலையில் சண்டை போடும் 3600-ஐவிட எழுந்ததும் வேலைக்கு வரும் 3466 மேல்.

ரைசன் 7000 வைத்திருப்பவர்கள் எஸ்ஓசி வோல்டேஜை இப்படி ஏற்றிப் பார்க்கவே வேண்டாம். 2023-இல் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகிய பிறகு, எஸ்ஓசிக்கு 1.3 வோல்ட் என்று ஏஎம்டி உச்சவரம்பு வைத்தது. அந்தப் போர்டில் இன்னும் பழைய பயாஸ் இருந்தால், வேறு எதையும் தொடும் முன் அதை மாற்றுங்கள்.

கனமான வேலையில் விழுகிறது

வீடியோ ரெண்டர், சினிபெஞ்ச் (பிராசஸரை அளக்கும் சோதனை நிரல்), கேமில் பெரிய சண்டைக் காட்சி. தொடங்கிய சில நிமிடத்தில் நீலத் திரை, அல்லது அப்படியே உறைந்து நிற்கிறது. 'க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' வாசகம் அடிக்கடி வருவது இங்கேதான். ஏதோ ஒரு கோர் கேட்ட நேரத்தில் பதில் சொல்லவில்லை என்பதே அதன் பொருள்.

வெப்பமும் வோல்டேஜும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு அதே வேலையை மறுபடி ஓட்டுங்கள். வெப்பம் 95 டிகிரியைத் தொடுகிறதா? 5600எக்ஸின் எல்லை அது. எல்லையைத் தொட்டாலும் பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கும், உடனே விழாது. ஆனால் அங்கே வோல்டேஜுக்கான இடைவெளி மெலிந்துவிடும். அறை வெப்பத்தில் தாங்கும் அமைப்பு 90-இல் தாங்காமல் போகும். பெட்டியோடு வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலரை வைத்துக்கொண்டு பிபிஓவை முழுதாகத் திறந்துவிட்டால் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வெப்பம் 75-80-க்குள் இருந்தும் விழுகிறது என்றால் வோல்டேஜ் பற்றவில்லை. எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில், ஒரே வோல்டேஜில் கையால் பூட்டியவர்களுக்கு இது அதிகம் வரும். பயாஸில் 1.25 என்று கொடுத்திருப்பீர்கள். சுமை ஏறியதும் உண்மையில் கோருக்குப் போய்ச்சேர்வது அதைவிடக் குறைவாக இருக்கும். லோட்லைன் கேலிப்ரேஷன் என்ற அமைப்பு இந்தச் சரிவை ஈடுகட்டும். அதை நடுவிலுள்ள நிலையில் வையுங்கள், உச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். உச்சத்தில் வைத்தால் சுமை சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் துள்ளும். அந்தத் துள்ளலை மென்பொருளில் பார்க்கக்கூட முடியாது.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ரைசன் 5000-ஐக் கையால் ஒரே வேகத்தில் பூட்டுவதில் பெரிய பலன் இல்லை. எல்லாக் கோர்களையும் 4.5-இல் பூட்டினால், ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்போது அது தானாகவே ஏறியிருக்கக்கூடிய 4.6-ஐ இழக்கிறீர்கள். கேம் விளையாடுபவருக்கு அது நஷ்டம். பழைய காலத்தில், பிராசஸர் தானாக வேகம் ஏறத் தெரியாதபோது, கையால் பூட்டுவது அர்த்தமுள்ளதாக இருந்தது. இப்போது பிபிஓவைத் திறந்து, சக்தி வரம்புகளை மிதமாக ஏற்றி, கர்வ் ஆப்டிமைசரை (அடுத்த பகுதியில் விளக்குகிறேன்) தொடுவதே போதும். 5600எக்ஸின் இயல்பு வரம்புகள்: மொத்தச் சக்தி 76 வாட், நீடித்த மின்னோட்டம் 60 ஆம்பியர், உச்ச மின்னோட்டம் 90 ஆம்பியர். நல்ல கூலர் இருந்தால் 110 வாட் அளவுக்குத் திறக்கலாம். அதற்கு மேல் வெப்பம்தான் ஏறும்.

சும்மா இருக்கும்போது அணைந்து அணைந்து வருகிறது

புதிதாக வருபவர்களை மிகவும் குழப்பும் அறிகுறி இது. சினிபெஞ்ச் அரை மணி நேரம் அசையாமல் ஓடுகிறது. கேம் ஓடுகிறது. ஆனால் உலாவியில் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது, அல்லது டீ குடிக்க எழுந்துபோன நேரத்தில், நீலத் திரைகூட இல்லாமல் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. 'கனமான வேலையே தாங்குகிறது, சும்மா இருக்கும்போது விழுவதா, எஸ்எம்பிஎஸ்தான் போயிருக்கும்' என்று முடிவு கட்டிப் புதியது வாங்கியவர்களும் உண்டு.

காரணம் கர்வ் ஆப்டிமைசர். பிராசஸருக்குள் ஒவ்வொரு கோருக்கும் 'இந்த வேகத்துக்கு இவ்வளவு வோல்டேஜ்' என்று ஒரு வரைவு இருக்கிறது. கர்வ் ஆப்டிமைசரில் எதிர்மறை எண் கொடுத்தால் அந்த வரைவு முழுவதும் கீழே இறங்கும். ஒரு எண்ணுக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 30 கொடுத்தால் கிட்டத்தட்ட 0.1 வோல்ட்டுக்கும் அதிகமாகக் கூட இறங்கலாம். எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும்போது வேகம் 4.4 பக்கம் நிற்கும், அங்கே இந்தக் குறைவு தாங்கும். கணினி ஏறக்குறைய சும்மா இருக்கும்போதோ, ஒரு கோர் தூக்கத்திலிருந்து எழுந்து ஒரு நொடி உச்ச வேகத்துக்கு எகிறும். வரைவின் மிக நெருக்கடியான முனை அதுதான். அங்கேதான் வோல்டேஜ் பற்றாமல் போகிறது.

உறுதிப்படுத்த ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு கட்டாயம் இருக்கும். அது 'கணினி ஒழுங்காக அணைக்கப்படவில்லை' என்று மட்டுமே சொல்கிறது, எஸ்எம்பிஎஸ் கெட்டது என்று அல்ல. அதற்கு அருகிலேயே, வன்பொருள் பிழைகளைக் குறித்து வைக்கும் டபிள்யூ.எச்.இ.ஏ. லாகரின் 18-ஆம் எண் பதிவு இருக்கிறதா? உள்ளே 'கேஷ் ஹையரார்க்கி எரர்' என்றும், ஏபிஐசி ஐடி என்று ஒரு எண்ணும் இருக்கும். ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்பதால், 5600எக்ஸ் போன்ற ஆறு கோர் சில்லில் அந்த எண்ணை இரண்டால் வகுத்தால் பொதுவாகக் கோர் எண் கிடைத்துவிடும். 4 அல்லது 5 என்றால் கோர் 2, எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

அந்தக் கோரின் எண்ணை மட்டும் ஐந்து மேலே ஏற்றுங்கள். மைனஸ் 25 இருந்தால் மைனஸ் 20. எல்லாவற்றையும் கலைக்கத் தேவையில்லை. பல சில்லுகளில் 'சிறந்த கோர்' என்று ரைசன் மாஸ்டர் நட்சத்திரமிட்டுக் காட்டும் கோர்தான் முதலில் விழும். அது ஏற்கெனவே மற்றவற்றைவிட உயரமான வேகத்தில் ஓடுகிறது, விட்டுக்கொடுக்க அதனிடம் மிச்சம் இல்லை. ஆகவே சிறந்த இரண்டு கோர்களுக்கு மைனஸ் 5 அல்லது 10, மற்றவற்றுக்கு மைனஸ் 20 என்று தொடங்குவது நல்லது. 'எனக்கு எல்லாக் கோரும் மைனஸ் 30 தாங்குகிறது' என்று சொல்பவர்களில் பலர் சினிபெஞ்சை மட்டும் ஓட்டிப் பார்த்தவர்கள்.

சரி, எதை ஓட்டிப் பார்ப்பது? கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி. ஒரு நேரத்தில் ஒரே கோரில் பிரைம்95-ஐ ஓட்டி, அடுத்த கோருக்குத் தாவும். ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்கு ஏறுவதால் நமக்கு வேண்டிய அதே முனை சோதிக்கப்படுகிறது. எந்தக் கோர் பிழை விட்டது என்று அதுவே எழுதி வைக்கும். இரவு படுக்கப் போகும்போது ஓட்டிவிடுங்கள்.

இதே இடத்தில் இன்னொரு பதற்றத்தையும் தீர்த்துவிடலாம். கணினி சும்மா இருக்கும்போது ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் வோல்டேஜ் 1.4-க்கு மேல், சில சமயம் 1.45 என்று தெரியும். 5600எக்ஸுக்கு இது இயல்பு. ஒரு கோர் குறுகிய நேரம் எகிறும்போது கேட்கும் வோல்டேஜ் அது, அப்போது மின்னோட்டம் சொற்பம். ஆனால் இதைப் பார்த்துவிட்டு, 'சரி, 1.45 தாங்கும்போல' என்று எல்லாக் கோர்களுக்கும் நிலையாக அதைக் கொடுத்துவிடாதீர்கள். முழுச் சுமையில் அந்த வோல்டேஜ் சில்லைத் தேய்த்துவிடும்.

விழுவதில்லை, ஆனால் ஏதோ சரியில்லை

உலாவியின் ஒரு தாவல் மட்டும் அவ்வப்போது செத்துப்போகிறது. பெரிய ஜிப் கோப்பைப் பிரித்தால் 'சிஆர்சி பிழை' என்கிறது, மறுபடி பிரித்தால் சரியாக வருகிறது. கேம் நிறுவும்போது கோப்பு சிதைந்திருப்பதாகச் சொல்கிறது. ஒவ்வொரு நீலத் திரையிலும் ஒவ்வொரு வாசகம். இப்படிச் சீரில்லாமல் வந்தால் ரேமைச் சந்தேகியுங்கள்.

இருக்கும் கோளாறுகளில் ஆபத்தானது இது. கோர் நிலைகுலைந்தால் கணினி விழும், உங்களுக்குத் தெரியும். ரேம் நிலைகுலைந்தால் ஒரு பிட் மாறிப்போய், அந்த மாறிய தரவு ஓசையில்லாமல் எஸ்எஸ்டியில் எழுதப்படும். விண்டோஸ் கோப்பாக இருந்தால் மறுநாள் விண்டோஸ் திறக்காது. கல்யாண வீடியோவாக இருந்தால் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். அதனால் புதிய ரேம் அமைப்பைப் போட்டதும் நேரே விண்டோஸுக்குள் போகாதீர்கள். மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து ஒரு சுற்று ஓட்டுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று வரை அனுமதிக்கும். அங்கேயே சிவப்பாக ஒரு வரி வந்தால் உள்ளே போகத் தேவையே இல்லை.

மெம்டெஸ்ட்86 தேறியது போதாது. அது முரட்டுப் பிழைகளைப் பிடிக்கும், விளிம்பில் இருப்பவற்றைத் தவறவிடும். அடுத்து விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5-ஐக் கடுமையான அமைப்புக் கோப்போடு ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். 'இத்தனை மணி நேரத்தில் ஒன்றுதானே' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

பிழை எப்போது வந்தது என்பதும் இங்கே பேசும். முதல் நிமிடத்திலேயே குவியலாக வந்தால் வேகமோ முக்கிய டைமிங்கோ அதிகப்படி. தயங்காமல் ஒரு படி இறங்குங்கள். நாற்பது நிமிடம் கழித்து ஒன்று இரண்டாக வந்தால் பெரும்பாலும் வெப்பம். டிஆர்எஃப்சி என்ற டைமிங்கை மிக இறுக்கி வைத்திருப்பவர்களுக்கு இது சகஜம். ரேம் செல்களில் இருக்கும் மின்னூட்டம் சூட்டில் வேகமாகக் கசியும், அதைப் புதுப்பிக்கும் வேலைக்கு நீங்கள் விட்ட நேரம் பற்றாது. டிஆர்எஃப்சியைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அல்லது ரேமின் மேல் காற்று படும்படி கேபினெட் விசிறியைத் திருப்புங்கள். வோல்டேஜை ஏற்றினால் சூடு இன்னும் கூடும் என்பதால், இந்த ஒரு சூழலில் அது எதிர்மாறாகவும் முடியலாம்.

டைமிங் எண்களைப் பற்றி ஒரு கணக்கு. சிஎல் என்பது ரேம் பதில் தர எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை. 3200 வேகத்தில் சிஎல்16 என்றால் தாமதம் 10 நானோநொடி. 16-ஐ 2000-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் வரும். 3600-இல் சிஎல்18 என்றாலும் அதே 10 நானோநொடி. 3600-இல் சிஎல்16 என்றால் 8.9. ஆக, 3600 சிஎல்16-க்கு முட்டி மோதிப் பிழை வாங்கிக்கொண்டிருக்கும் சாதாரண ஸ்டிக்குகளை சிஎல்18-க்குத் தளர்த்துவதால் பின்னுக்குப் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். தாமதம் பழையதேதான், தரவுப் பாதை மட்டும் அகலமாகிறது.

ரேமைச் சரிசெய்த பிறகு, இடையில் கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளையும் பார்க்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) ஓட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், ஓவர்கிளாக்கையே எடுத்த பிறகும் நீலத் திரை தொடரும். நீங்கள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

யுஎஸ்பி துண்டிக்கிறது, ஒலி பொரிகிறது

மவுஸ் ஒரு நொடி நின்று வருகிறது, ஹெட்செட்டில் பொரி பொரியாகச் சத்தம். ரேமை 3600 அல்லது அதற்கு மேல் ஏற்றிய பிறகு தொடங்கியது என்றால் ஃபேப்ரிக்கைப் பாருங்கள். ஈவன்ட் வியூவரில் இந்த முறை தேட வேண்டியது டபிள்யூ.எச்.இ.ஏ. 19. பிழை நேர்ந்தது, வன்பொருளே திருத்திக்கொண்டது என்று அதற்குப் பொருள். திருத்திக்கொண்டதே, விடலாம் என்று எண்ணாதீர்கள். 19 வரிசையாக வந்தால் ஃபேப்ரிக் தன் எல்லையைத் தாண்டி ஓடுகிறது. 1800 மெகாஹெர்ட்ஸைப் பெரும்பாலான 5000 வரிசைச் சில்லுகள் எட்டும், 1900-ஐச் சிலதான் எட்டும். எஸ்ஓசி வோல்டேஜைச் சற்று ஏற்றிப் பாருங்கள், 19 நிற்கவில்லையென்றால் ஃபேப்ரிக்கையும் ரேமையும் சேர்த்தே இறக்குங்கள்.

ஓவர்கிளாக் ஏதும் இல்லாமலே 500 வரிசைப் போர்டுகளில் யுஎஸ்பி துண்டிக்கும் கோளாறு இருந்ததை ஏஎம்டியே 2021-இல் ஒப்புக்கொண்டு, அஜீசாவின் (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் நிரல்) 1.2.0.2 பதிப்பில் தீர்வு கொடுத்தது. பயாஸ் அதைவிடப் பழையது என்றால் முதலில் அதை மாற்றிவிட்டுப் பிறகு ஃபேப்ரிக்கைக் குறை சொல்லுங்கள்.

வேகம் ஏறியதாகக் காட்டுகிறது, மதிப்பெண் குறைந்திருக்கிறது

மூன்று இடங்களைப் பாருங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் 'கோர் க்ளாக்' 4.65 என்றும் 'எஃபெக்டிவ் க்ளாக்' 4.4 என்றும் முழுச் சுமையில் இடைவெளி தெரிந்தால், பிராசஸர் வோல்டேஜ் பற்றாமல் துடிப்புகளை நீட்டிச் சமாளிக்கிறது. இதை க்ளாக் ஸ்ட்ரெச்சிங் என்பார்கள். விழாமல் இருப்பதற்காக மெதுவாகப் போகிறது, மேலே காட்டும் எண் வெறும் அலங்காரம். கர்வ் எண்ணை ஏற்றுங்கள், மதிப்பெண் ஏறும்.

இரண்டாவது, ரேமை 3800, 4000 என்று ஏற்றியபோது ஃபேப்ரிக்கோடு இருந்த ஒன்றுக்கு ஒன்று பிணைப்பு அறுந்திருக்கலாம். சென்டைமிங்ஸ் கருவியில் எம்க்ளாக் (ரேம்), எஃப்க்ளாக் (ஃபேப்ரிக்), யுக்ளாக் (மெமரி கன்ட்ரோலர்) மூன்றும் ஒரே எண்ணாக இருக்கிறதா? யுக்ளாக் பாதியாக இருந்தால் 4000 ரேம் உங்களுக்கு 3600-ஐவிட மெதுவாகத்தான் இருக்கும். ரைசன் 7000-இல் ஃபேப்ரிக் தனி வழியில் ஓடும், அங்கே எம்க்ளாக்கும் யுக்ளாக்கும் ஒன்றாக இருந்தால் போதும். டிடிஆர்5-6000 அதற்கு வசதியான எல்லை. மூன்றாவது, வெப்பம். அதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

மார்கழியில் ஓடியது, சித்திரையில் விழுகிறது

எதையும் மாற்றவில்லை, மூன்று மாதம் நன்றாக ஓடிற்று, இப்போது விழுகிறது. அறையின் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் பிராசஸர், ரேம் எல்லாம் ஏறக்குறைய அதே பத்து டிகிரி ஏறும். சென்னையிலோ மதுரையிலோ இரவில் 24 டிகிரி அறையில் சோதித்துத் தேர்ச்சி கொடுத்த அமைப்பு, மே மாதப் பிற்பகலில் 36 டிகிரி அறையில் வேறொரு தேர்வு எழுதுகிறது. கிராபிக்ஸ் கார்டின் சூடான காற்று ரேமைத் தாக்குவதால் கேமில் மட்டும் விழும், தனியாக ரேம் சோதனை ஓட்டினால் தேறும். ரேம் சோதனையையும் கிராபிக்ஸ் சோதனையையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் குட்டு வெளிப்படும். கூலரில் தூசி அடைத்திருப்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அமைப்பை மாற்றத்தான் வேண்டும் என்றால் கோடையில் சோதித்து நிலைக்கும் எண்ணையே ஆண்டு முழுவதும் வையுங்கள்.

அமைப்பே பயாஸில் காணவில்லை

ஏ520 போர்டில் பிராசஸர் ஓவர்கிளாக் கிடையாது, ரேமுக்கு எக்ஸ்எம்பி போடலாம். 5800எக்ஸ்3டியில் பெருக்கி (கோரின் வேகத்தை நிர்ணயிக்கும் எண்) பூட்டப்பட்டது. இன்டெலில் பெயரின் கடைசியில் கே இருக்கும் பிராசஸரும் இசட் வரிசைப் போர்டும் வேண்டும். பி560 முதல் பி வரிசையில் ரேமை மட்டும் ஏற்ற அனுமதி உண்டு. லேப்டாப்பில் பெரும்பாலும் எதுவும் இருக்காது, தேட வேண்டாம்.

எதையுமே தொடவில்லை, ஆனாலும் விழுகிறது

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் ஓவர்கிளாக் செய்யாவிட்டாலும், பல போர்டுகள் சக்தி வரம்புகளை இயல்பிலேயே திறந்துவிட்டிருந்தன. சில்லும் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டது. நாளடைவில் சில்லுகள் தேய்ந்தன. அறிகுறி விசித்திரமாக இருக்கும். கேம் ஷேடர்களைத் தொகுக்கும் நேரத்தில், கிராபிக்ஸ் கார்டில் நினைவகம் தாராளமாக இருக்கும்போதே 'வீடியோ மெமரி போதவில்லை' என்று பிழை வந்து மூடிக்கொள்ளும். குற்றம் கிராபிக்ஸ் கார்டின் மேல் விழும், கோளாறோ பிராசஸரில். கிராபிக்ஸ் டிரைவரை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்தவர்கள் பலர்.

பயாஸில் 'இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோடோ (பிராசஸரின் உள் நிரல்) அதற்குப் பிந்தியதோ உள்ள பயாஸுக்கு மாறுங்கள், 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்க முடியாதபடி அது தடுக்கும். சோதனைக்காகப் பெருக்கியை இரண்டு மூன்று படி இறக்கிப் பாருங்கள். இறக்கினால் பிழை நின்றுவிடுகிறது, ஏற்றினால் திரும்ப வருகிறது என்றால் சில் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. புதிய மைக்ரோகோட் இனிமேல் தேயாமல் காக்குமே தவிரத் தேய்ந்ததைத் திருப்பித் தராது. இந்த இரு தலைமுறைகளில் பாதிப்புக்கு உள்ளான பெட்டி பிராசஸர்களுக்கு இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டியிருக்கிறது. பில்லை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போங்கள்.